காரைச் சொல்லிக் காட்டிய நாள்

“ஏம்மா, வண்டி எப்படி இருக்குன்னு சொல்லு” என்று தனசேகர் கேட்டார். கடலூர் ஷோரூமில் சேல்ஸ் வேலைக்கு வந்து பல வருஷம் ஆன எனக்கு மனப்பாடமாக இருந்ததுதான் வாயில் வந்தது.

“எல்இடி ஹெட்லைட், அலாய் வீல், ஸ்போர்ட்டியான டிசைன் சார்.”

“அதெல்லாம் புக்குல போட்டிருக்கறது. எப்படி இருக்கு?”

அவருக்குக் கண் தெரியாது. பண்ருட்டியிலிருந்து பலாப்பழ லோடு ஏற்றி ஊர் ஊராக லாரி ஓட்டியவர். சர்க்கரை நோயில் பார்வை போனபிறகு சிதம்பரத்தில் வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை என்று அவர் மனைவி மங்கை போனில் சொல்லியிருந்தார். அவரை வெளியே கூட்டிப்போவதற்காகவே அந்த அம்மா டிரைவிங் கற்று லைசென்ஸ் எடுத்திருந்தார். ஆனால், “நீ ஓட்டி, நான் மூட்ட மாதிரி ஒக்காந்து வரணுமா?” என்று இவர் மறுத்துக்கொண்டே இருந்தார். அன்று மங்கையோடு ஷோரூமுக்கு வந்ததே பெரிய விஷயம்.

வெளியே மழை விட்டிருந்தது. கண்ணாடிச் சுவர் வழியாக ஈர வெளிச்சம் வண்டிமேல் இறங்கியிருந்தது. தினமும் விற்கிற வண்டிதான். அன்றைக்குத்தான் அதை நின்று பார்த்தேன்.

“முன்பக்கம், மத்தியானம் தூங்கி எழுந்த பூனை மாதிரி இருக்கு சார். லைட்டு அவ்ளோ ஒல்லி. கண்ணு பாதிதான் தெறந்திருக்கு.”

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. “மேல?”

“துறைமுகத்துல படகக் கவுத்து வெச்சிருப்பாங்கல்ல, அந்த வளைவு.”

“அப்ப பின்சீட்டுல இருக்கறவனுக்குத் தலை இடிக்குமே!”

மங்கை சிரித்துவிட்டார். நான் பின்னால் போய் மறுபடி பார்த்தேன். “அவ்ளோ வளைவு இல்ல சார், ஜாஸ்தியா சொல்லிட்டேன். தலகாணில கைய வெச்சா அமுங்குமே, அப்படி லேசாத்தான் எறங்குது.”

அவர் கையைப் பிடித்துக் கதவின்மேல் வைத்தேன். “இங்க ஒரு மடிப்பு ஓடுது பாருங்க. அலை வந்துட்டுப் போனதும் மணல்ல ஒரு கோடு நிக்குமே, அது மாதிரி.”

விரல்கள் அந்தக் கோட்டிலேயே மெல்ல நடந்து பின்விளக்கில் போய் நின்றன. “இது?”

“ரெண்டு பலாச்சுளைய ஒட்டி வெச்சாப்ல இருக்கு.”

“பழுத்ததா, காயா?”

“பழம்தான் சார். ஆனா செவப்பு.”

வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, “கலரு?” என்றார்.

“நீலமும் இல்ல, சாம்பலும் இல்ல. பிச்சாவரத்துல மரத்துக்கு நடுவுல படகு போகும்போது, நெழல்ல தண்ணி இருக்குமே...”

அவர் உள்ளங்கையை வண்டிமேல் வைத்தார். “அந்தத் தண்ணி எனக்குத் தெரியும்” என்றார்.

டெஸ்ட் டிரைவுக்குக் கிளம்பினோம். மங்கை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தனசேகர் பின்னால். சிதம்பரம் ரோடு மழையில் கழுவிவிட்டதுபோல் மின்னியது. ரோட்டிலும் வானம் இருந்தது. வண்டி சத்தமில்லாமல் அதன்மேல் மிதந்து போவதுபோல் இருந்தது.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. “ஏம்மா, வண்டிய விடு. இவ எப்படி இருக்கா?”

எனக்கு வரிசையாக எத்தனையோ ‘மாதிரி’ வந்தது. எதையும் சொல்லப் பிடிக்கவில்லை.

“ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கு. மூக்கு மேல வேர்த்திருக்கு. மிர்ரரப் பாத்தாங்க, இப்ப ரோட்டப் பாக்கறாங்க. சிரிக்கறாங்க சார்.”

“சிரிக்கறாளா?”

“ஆமா.”

“மங்கை, ஓரமா நிறுத்து.”

மங்கையின் முகம் வாடிவிட்டது. இந்த வண்டி வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த அம்மா இண்டிகேட்டர் போட்டு ஓரம்கட்டினார். தனசேகர் கதவைத் திறந்து இறங்கி, வண்டியைத் தொட்டுக்கொண்டே இரண்டடி முன்னால் வந்து என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார்.

“நீ பின்னாடி போம்மா. நான் இவ பக்கத்துல ஒக்கார்றேன்.”

அதன்பிறகு மங்கை உடனே ஷோரூமுக்குத் திரும்பவில்லை. பரங்கிப்பேட்டை வரை ஓட்டிக்கொண்டே போனார். டெஸ்ட் டிரைவில் அவ்வளவு தூரம் விடக்கூடாது. நான் அதைச் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் அதே கலரில் புக் பண்ணினார்கள்.

புதிதாக சேல்ஸுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வண்டியை எதோடு வேண்டுமானாலும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள், ஆனால் ஒருதடவை நின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மனுஷர்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் கண்ணில் பட்டதை அப்படியே சொல்லிவிடுங்கள்.