லாரிக்குக் கரைத்த தவிடு

மகள் செல்வி வேலைக்கு மனு அடித்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலத் தபாலில் அது போயாக வேண்டும். கம்ப்யூட்டரோ மூன்றாவது தடவையாக அப்படியே உறைந்து நின்றது. பக்கத்தில் போனேன். கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து சுட்ட தூசி வாசம் வந்தது.

அந்த வாசம் எனக்குத் தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் கொல்லிமலைக்கு முதல் லாரி வந்தது. அத்தனை வளைவும் ஏறி, எங்கள் வீட்டு முன்னால் இதே வாசத்தோடு ஆவி விட்டு நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீர் கேட்டார். அம்மா, உழுத மாட்டுக்குக் கரைப்பது போலத் தவிடும் உப்பும் கரைத்து வந்தாள்.

"வெறுந்தண்ணி போதும் தாயி!" என்று அவர் சிரித்தார்.

"ஏனுங்க, உழைச்ச சீவனுக்கு வெறுந்தண்ணியா குடுப்பாங்க?"

நல்ல தண்ணீரை ஊற்றினார்கள். அது குடிப்பதை வாய் பிளந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் சூடு ஆறி, உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது.

படித்த மகளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. "கண்ணு, அதுக்குச் சூடு தாங்கலையாட்டம் இருக்குது."

"உனக்கென்னம்மா தெரியும்?" என்றவள், பெட்டியைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். கழற்றினால், உள்ளே விசிறி முழுக்க மிளகுத் தூசி. அந்த அறையில்தான் மிளகு தூற்றுவோம். தூசியைத் துடைத்ததும் விசிறி சுற்றியது. பிறகு கம்ப்யூட்டர் நிற்கவே இல்லை.

அச்செடுத்த மனுவோடு செல்வி தபாலாபீஸுக்குப் போகிற பஸ்ஸுக்கு ஓடினாள். யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, மாட்டைத் தட்டிக்கொடுப்பது போலப் பெட்டியை மெல்லத் தட்டிக்கொடுத்தேன்.