ஆமென் சொல்லத் தாமதித்த சாயங்காலம்

சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளில், வாரத்துக்கு ஒரு வீடாக நாங்கள் கூடி ஜெபிப்பது வழக்கம். பாட்டு, கொஞ்சம் பேச்சு, கடைசியில் ஜெபம். பேச்சும் ஜெபமும் என் பொறுப்பு. பெரிய படிப்பெல்லாம் இல்லை. வேதத்தைத் தவிர நான் கற்றதெல்லாம் பெங்களூர் ரயிலிலும் டீக்கடையிலும் ஜனங்கள் பேசக் கேட்டதுதான். அதனாலோ என்னவோ, வாயைத் திறந்தால் மூடத் தெரியாது.

போன மாதம் ஒரு சகோதரியின் வீட்டில் கூட்டம். உள்ளறையில் அவருடைய மாமியார் படுத்த படுக்கை. வாசலில் காலிக் குடங்கள். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அடுத்த வாரமோ, அதற்கும் பிறகோ.

அன்று நான் பேசியது நேரத்தைப் பற்றி. ஆண்டவர் கொடுத்த நாளை வீணாக்கக் கூடாது, ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் நன்றாகவே பேசினேன். பிறகு எல்லாரும் கண்ணை மூடினோம்.

ஜெபம் பாதியில் இருக்கும்போது தெருவில் கூச்சல்: "தண்ணி வந்துச்சு, ஓடியாங்க!" குடங்கள் இடிபடும் சத்தம். எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று எழுதினால் பொய். பக்கத்தில் அந்தச் சகோதரியின் வளையல் ஒருமுறை குலுங்கி அடங்கியது. ஜெபத்தின் நடுவே எழுந்து போகிற பழக்கம் எங்களிடம் இல்லை. நான் ஆமென் சொன்னால்தான் அவர் எழ முடியும். எனக்கோ வார்த்தை அப்படி வந்துகொண்டிருந்தது. நேரத்தை ஞானமாய்ச் செலவழிக்கக் கற்றுத்தாரும் என்று கேட்டேன். அதையே இன்னொரு விதமாகவும் கேட்டேன். பிறகு ஊருக்காக, தேசத்துக்காக.

நான் முடித்ததும் அவர் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். குழாய் நின்றுபோயிருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா எங்கள் சபை இல்லை. நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னா ஐயா, அவ்ளோ நேரம் சாமிகிட்ட பேசினீங்களே, தண்ணி வருதுன்னு அவரு ஒரு வார்த்த சொல்லலியா?"

எல்லாரும் சிரித்தார்கள். யாராவது இப்படி ஒன்று சொன்னால், அதை அடுத்த கூட்டத்தில் எடுத்துச் சொல்வது என் வழக்கம். இதை மட்டும் இன்றுவரை எங்கேயும் சொல்லவில்லை.

"சும்மா இரு அக்கா நீ," என்றார் சகோதரி. "பரவால்ல பிரதர். உக்காருங்க, டீ போடறேன். டீக்குத் தண்ணி கீது."

உள்ளேயிருந்து கிழவியின் குரல்: "ஏம்மா, தண்ணி புடிச்சிட்டியா? இந்தத் துணிய மாத்திடேன், ஈரமா கீது."

"நாளைக்கு மாத்திக்கலாம் அத்த. இப்ப அப்படியே படுத்துக்கங்க."

நான் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். நான் கேட்பதற்கு முன்பே அந்த அம்மாவே குடத்தை வாங்கி நிரப்பினார்.

"கெழவிக்காகக் குடுக்கறேன் ஐயா. உங்களுக்குன்னா ஒரு டம்ளர் குடுக்க மாட்டேன்."

நியாயம்தான். சுமந்து வந்து உள்ளறை வாசலில் வைத்தேன். சகோதரி குடத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, "கொஞ்சம் வெளிய இருங்க பிரதர்," என்று கதவைச் சாத்தினார். உள்ளே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது.