போர்வை தொங்கிய ஜன்னலும் எங்கள் சேவலும்

எங்கள் டவுன்ஷிப்பில் பகல் நேரத்தில் ஒரு ஜன்னலில் கம்பளிப் போர்வை தொங்கினால், உள்ளே நைட் ஷிஃப்ட் முடித்த ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த வீட்டுப் பக்கம் பிள்ளைகள் பந்து விளையாட மாட்டார்கள். காய்கறி வண்டிக்காரர்கூடக் கூவாமல் தள்ளிக்கொண்டு போவார். என் கணவர் சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் வேலை பார்க்கிறார். அவர் தூக்கத்துக்காகச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தாளித்து, கமறலில் நான் இருமித் தீர்த்த காலமெல்லாம் உண்டு. ஆகவே கோழிக்கூண்டு தேர்ந்தெடுக்கும்போது எங்கள் புத்தி எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்லவே வேண்டியதில்லை.

சேத்தியாத்தோப்புச் சந்தையில் குஞ்சுகளை ஆசைப்பட்டு வாங்கியவள் நான்தான். மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அதற்குள் வளர்த்தேன். மற்றவை பெட்டைகளாகத் தேற, ஒன்று மட்டும் சேவலாக வந்தது. செம்பட்டை உடம்பு, கறுப்பு வால், நடையில் மைனர் தோரணை. வளர்ந்ததும் பஞ்சாரமாவது ஒன்றாவது, குவார்ட்டர்ஸின் பின்மதில் மேல் ஏறிக்கொண்டது. அங்கே நின்று கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு கூவும். எனக்கு அதன் மேல் கொள்ளைப் பிரியம். ஆனால் மதிலுக்கு அந்தப் புறம் பின்வீட்டுப் படுக்கையறை ஜன்னல். அதில் பாதி நாள் போர்வை தொங்கும்.

பின்வீடு என்றாலும் அவர்கள் வாசல் வேறு தெருவில். நைட் ஷிஃப்ட் போகும் அந்த வீட்டு மனிதரைக் கடையில் பார்த்தால் நான் தலையசைப்பேன், அவரும் சிரித்துத் தலையசைப்பார். அதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை.

"அந்த மனுஷன் தூங்க வேணாமா? இத விட்டா ஒரு நாள் நம்ம வாசல்ல வந்து நிப்பாரு. மொதல்ல ஒரு கூண்டு பாப்போம்" என்றார் என் கணவர்.

வடலூருக்குப் போனோம். அங்கே ஒரு பட்டறை வாசலில் இரும்புக் கூண்டு ஒன்று இருந்தது. நாலு பக்கமும் கம்பிவலை. முன்னால் கோழிகள் உலாவ நீளமான அடைப்பு. கீரி தோண்டி நுழையாதபடி அடியிலும் வலை போட்டிருந்தார்கள். பார்த்தவுடனே மனசுக்குப் பிடித்துவிட்டது. காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகும்.

இவர் கம்பியைச் சுண்டிப் பார்த்தார். "இதுக்குள்ள நின்னு கூவினா ப்ளாக் முழுக்கக் கேக்கும். இது கூண்டா, ஸ்பீக்கர் பாக்ஸா?"

பட்டறைக்காரர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். எனக்கும் அந்த ஜன்னல்தான் கண்முன் வந்தது.

கடைசியில் பலகைக் கூண்டு என்று முடிவானது. பழைய சாமான் ஏலத்தில் எடுத்து விற்பவரிடம் கன்வேயர் பெல்ட் துண்டுகள் வாங்கி வந்து, அந்தத் தடித்த ரப்பரைக் கூரையிலும் பக்கங்களிலும் அடித்தார் இவர். ஒரு பக்கம் மட்டும் சின்னதாக வலை அடைப்பு. போர்வை தொங்கும் நாட்களில் பெட்டைகள் அடைப்பில் மேயும், சேவல் மட்டும் கூண்டுக்குள். அதன் கூவல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கி வந்தது. "எப்படி?" என்று இவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அடுத்த வீட்டுத் தூக்கத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கும் பெருமைதான்.

வெயில் ஏறியது. ஒரு நாள் மத்தியானம் தண்ணீர் வைக்கப் போனேன். பெல்ட்டைத் தொட்ட கை சுட்டது. உள்ளே சேவல் அலகைத் திறந்தபடி சாய்ந்து கிடந்தது. தண்ணீர்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டிருந்தது. வெளியே எடுத்து நிழலில் போட்டு ஈரத்துணியால் துடைத்தேன். உயிர் இல்லை. சத்தம் போட்டு அழக்கூட முடியவில்லை, எதிரே போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சில நாள் கழித்து, பின்வீட்டம்மா மதிலோரம் வந்து நின்றார். அவர் கம்மாபுரத்துப் பக்கத்துக்காரர்.

"ஏங்கக்கா, ஒங்க சேவல ரொம்ப நாளா காணோமே?"

சொன்னேன். கூண்டையும், பெல்ட்டையும், அவர் வீட்டுக்காரர் தூக்கத்துக்காகத்தான் அத்தனையும் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"அய்யோ, அவுருக்கு எங்கக்கா காது கேக்குது? மந்தமாயி எத்தினியோ வருஷமாச்சே. போர்வை வெளிச்சத்துக்குத்தான் கட்றது."

அந்தம்மா தொடர்ந்தார்.

"வேல முடிஞ்சி வந்து, படுக்கறதுக்கு முன்னாடி போர்வைய ஒதுக்கி ஒங்க சேவலத்தான் பாத்துகினு நிப்பாரு. அது மதிலு மேல கழுத்த நீட்னா, 'கூவுது பாரு'ன்னு என்னாண்ட சொல்லிட்டுத்தான் படுப்பாரு. அத எங்கன்னு கேக்கச் சொன்னதே அவுருதான்."

பெல்ட் கூண்டைப் பிரித்துப் போட்டாயிற்று. வடலூர் இரும்புக் கூண்டு இப்போது அந்த இடத்தில் நிற்கிறது, காற்று தாராளமாக வருகிறது. வேறு சேவல் வாங்கலாம் என்கிறார் இவர். எனக்குத்தான் இன்னும் மனசு வரவில்லை. காலையில் நான் தீனி போடும்போது எதிர் ஜன்னலில் போர்வையின் ஓரம் விலகும். நான் தலையசைப்பேன், அவரும் அசைப்பார். பிறகு அவர் பார்வை மதில் மேல் போகும், நான் குனிந்து தீனியை இறைப்பேன்.