அடைகோழிக்கு ஒரு ஸ்டே

கோழிக்குத் தடுப்பூசி போடப் போனால் எங்களுக்கு மோர் கிடைக்கும். அதே கோழியைப் பிடிக்கப் போனால் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்காது. அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

நான் கால்நடைத் துறையில் உதவியாளன். பறவைக் காய்ச்சல் மனிதர்களுக்கும் தொற்றுகிறது என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்தபோது, அனகாபுத்தூர் ஆற்றோரத் தெருக்களில் இருக்கும் வீட்டுக் கோழிகளை எல்லாம் அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

அம்மன் சொத்து

வெள்ளைக் கவச உடையில் இறங்கினோம். பார்த்த சேவலெல்லாம் அம்மனுக்கு நேர்ந்துவிட்டது என்றார்கள். ஒரு வீட்டில் அவசர அவசரமாக பிராய்லருக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள். சாமி கோழியும் நோயைப் பரப்பும் என்று எங்கள் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். சேவல் வளர்க்கும் தெருமுனை டீக்கடைக்காரர் அசரவில்லை.

"ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுகினு வாங்க மேடம், நாங்களே புட்ச்சிக் குடுக்கறோம்."

கூடவும் கூடாது

தையல் வேலை செய்யும் விஜயா அக்காவிடம் இருந்தது ஒரே கோழி. மிஷினுக்கு அடியில் கூடையில் அடைகாத்துக்கொண்டிருந்தது. மகள் கல்யாணமாகிப் போன பிறகு அவருக்குப் பேச்சுத் துணை அதுதான். நான் கூடையில் கை வைக்கும்போது டாக்டரம்மாவுக்கு போன் வந்தது. நோய் இருக்கிறதா என்று பார்க்காமலே கொல்லலாமா என்று யாரோ கோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கிவிட்டார்கள். பரிசோதனை முடிவு வரும்வரை இருப்பது இருந்தபடியே இருக்க வேண்டுமாம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் விறைப்பாக, கோழி ஒன்றுகூடக் குறையக் கூடாது, கூடவும் கூடாது என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனில் அழுதார்.

"கூடக் கூடாதுன்னீங்களே சார், முட்டையெல்லாம் பொரிச்சிகினு கீதே, நான் இன்னா பண்ணட்டும்?"

குற்றவாளிகள்

போய்ப் பார்த்தால், குஞ்சுகளின் சத்தம் வெளியே கேட்காமலிருக்க மிஷினை ஓட்டிக்கொண்டே இருக்கிறார். டாக்டரம்மா சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முடிவு மோசமாக வந்தால் அந்தக் குஞ்சுகளையும் நான்தானே பிடிக்க வேண்டும்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்தத் தெருவில் நோய் இல்லை என்று முடிவு வந்தது. நோய் இல்லாத இடத்தில் கோழியைத் தொடக் கூடாது என்று கோர்ட்டும் சொல்லிவிட்டது. சொல்ல நானே ஓடினேன். அக்கா மோர் கொடுத்தார். மதில் மேல் உட்கார்ந்திருந்த பூனையைக் கண்ணால் காட்டினார்.

"அப்படியே இதுக்கும் ஒரு ஸ்டே வாங்கிக் குடுத்துடுங்க சார்."

அரசாங்கம் ஒன்று சொல்லி, கோர்ட் வேறொன்று சொல்லி, நடுவில் நாங்கள் கூடையும் கையுமாக முழித்துக்கொண்டு நிற்க, முட்டைக்குள் இருப்பது மட்டும் எவர் உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை.