கெட்ஸல் சொன்னதும் நான் மொழிபெயர்த்ததும்

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எனக்கு எதிர்வீடு கெட்ஸல் லாண்டஸ்பெர்க். பதினோரு வருஷமாக எதிரெதிர்க் கதவு. "எப்படி இருக்கீங்க?" என்று நான் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். ஆயிரம் தடவையும் ஒரே பதில்தான். "போருக் ஹஷேம்." ஆண்டவனுக்குத் தோத்திரம். யூதர்கள் நெருங்கி வாழும் எங்கள் பரோ பார்க்கில் எல்லோரும் சொல்வதுதான். மகளுக்கு நிச்சயமானாலும் போருக் ஹஷேம், கூரை ஒழுகினாலும் போருக் ஹஷேம். நான் புருஷனை விட்டு வந்த வாரம் கறிக்கடையில் ஒருத்தி விசாரித்தபோது நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் மற்றவர்கள் அதைச் சொல்லிவிட்டு, ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் கொட்டுவார்கள். கெட்ஸல் அதோடு கதவைச் சாத்திக்கொள்வார்.

இவரோடு என்னை முடிச்சுப் போட்டுப் பார்த்த புண்ணியவதிகள் தெருவில் உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு நான் பெரிய கும்பிடாகப் போட்டு பதினோரு வருஷமாகிறது.

அவர் பிழைப்பு கோட்டு பார்ப்பது. கம்பளியும் லினனும் கலந்த துணி எங்கள் வேதப்படி ஆகாது. புதுக் கோட்டு எடுத்தவர்கள் அதை அவருடைய அடித்தளக் கடைக்குக் கொண்டுவருவார்கள். காலரைப் பிரித்து, ஒரு நூலை உருவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து "இருக்கு" என்பார், அல்லது "இல்லை" என்பார். இருந்தாலும் இருக்கலாம் என்கிற பேச்சே அவரிடம் கிடையாது. நாள் முழுக்க அவர் பேசுவது அந்த இரண்டு வார்த்தைதான்.

மனைவி ஹிந்தா போனபோது மகன் ஸிஷேவுக்கு இரண்டு வயது. பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னது அடுத்த வருஷம். பெண்டாட்டி செத்தவனைச் சும்மா விட்டுவைக்கிற ஊர் இல்லை இது. தரகர்கள் மூன்று பெண்களைச் சொன்னார்கள். மூன்றாவது பெண் பிள்ளையைப் பார்க்க அண்ணனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். நல்லவள் என்றே நினைக்கிறேன். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது ஸிஷே வந்து சுவரில் தலையை மோதினான், நிறுத்தாமல் மோதினான். பாதி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு தரகர் யாரும் எங்கள் மாடிப்படி ஏறவில்லை. வெள்ளி சாயங்காலம் தொடங்கும் ஓய்வுநாளான சபாத்துக்கு விருந்து அழைத்துக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக மறந்துபோனார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர் சபாத் பாட்டு பாடுவது என் வீட்டுக்குள் கேட்கும். அந்தப் பாட்டில் ஒருவர் ஓர் அடி பாட, மேசையில் இருப்பவர்கள் அதைத் திருப்பிப் பாட வேண்டும். கெட்ஸல் ஓர் அடி பாடுவார். மற்றவர்கள் பாடி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருப்பார். பிறகு அடுத்த அடி. அந்த இடைவெளியில் நான் சூப் கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன். எங்கள் வழக்கத்தில் ஒரு பெண்பிள்ளை ஆண் காதில் விழும்படி எதிர்வீட்டிலிருந்து சேர்ந்து பாடவா முடியும்?

ஸிஷேவை ஐந்து வயதில் நம்மவர்கள் நடத்தும் ஒரு வகுப்பில் சேர்த்தார். தொழுகைக்கூடத்துக்குக் கீழே இரண்டு அறை, ஏழு பிள்ளைகள். நடத்தியவர் மிஸஸ் டாம்லர். பாசமான மனுஷி, அதில் குறை சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை தோறும் சின்ன ரொட்டி பின்னிக் கொடுத்து அனுப்புவார். எழுத்துகளைப் பாட்டாகப் பாட வைப்பார். எல்லாம் எங்கள் வீட்டுமொழியான யித்திஷில். மூன்று வருஷம் போனது.

ஒரு பிப்ரவரி மதியம் கெட்ஸல், ஸிஷே மறந்துவிட்டுப் போன ஸ்வெட்டரைக் கொடுக்க அங்கே போனார். உள்ளே ஆறு பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஸிஷே நடைவழியில், தண்ணீர்க் குழாய்க்கு எதிரே, நெற்றியைச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தான். உதவிக்கு இருந்த பெண் அவன் வாயில் உருளை வறுவல் திணித்துக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தண்ணீர் வேண்டும். மூன்று வருஷத்தில் அதைக் கேட்க அவனுக்கும் தெரியவில்லை, கண்டுபிடிக்க அவர்களுக்கும் தெரியவில்லை. கெட்ஸல் குழாயைத் திறந்து கையில் ஏந்திக் கொடுத்ததும் இரண்டு டம்ளருக்குக் குறையாமல் குடித்தானாம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. மிஸஸ் டாம்லரே அழுதுகொண்டு சொன்னார்.

நகரத்தின் கடற்கரைப் பக்கம் அரசாங்கப் பள்ளி ஒன்று இருந்தது. பேசாத பிள்ளைகளுக்குப் படப் பலகை வைத்துச் சொல்லிக்கொடுக்கிற இடம். கெட்ஸல் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே ஒரு சிறுவன் டம்ளர் படத்தைத் தொட்டான், உடனே தண்ணீர் வந்தது. கெட்ஸல் நின்று மூன்று தடவை பார்த்தாராம். ஆனால் பள்ளி யூதர்களுடையது இல்லை. கதவு நிலையில் வேதவரி வைத்த மெசூசா கிடையாது, டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரம், பக்கத்து மேசையில் பன்றிக்கறி, பேச்செல்லாம் ஆங்கிலம்.

அவர் அண்ணன் ஃபைவிஷ் மாடிப்படியிலேயே பிடித்துக்கொண்டார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே பேசினார்.

"நம்ம பிள்ளைய அந்நியன் கையில கொடுக்கப் போறியா? ஹிந்தா இருந்தா விடுவாளா?"

"அவனுக்குத் தண்ணி கேக்கத் தெரியணும்."

"தண்ணிதானே? வேளாவேளைக்கு நீயே குடுத்துட்டுப் போயேன்."

"நான் செத்த பிறகு யார் குடுப்பா? நீயா?"

ஃபைவிஷ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார். எனக்கு உள்ளுக்குள் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அதற்கப்புறம் தொழுகையில் அண்ணன் வேறு வரிசையில் உட்கார ஆரம்பித்தார் என்று பிறகு தெரிந்தது.

அந்தப் பள்ளியில் இடம் கிடைக்க ஒரு அலுவலகம் பிள்ளையை மதிப்பிட வேண்டும். கெட்ஸலுக்குக் கடைக்குப் போதுமான ஆங்கிலம் உண்டு. அலுவலகத்துக்குப் போதாது. மணிக்கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு யித்திஷ் மொழிபெயர்ப்பது என் வேலை. அதனால் நானே போனேன். மேசைக்கு அந்தப்பக்கம் மிஸஸ் அல்வராடோ, நல்ல பொறுமைசாலி. இந்தப்பக்கம் கெட்ஸல், அவர் மடியில் சாய்ந்து கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு ஸிஷே.

பையன் எப்படித் தூங்குகிறான்? "போருக் ஹஷேம்." எப்படிச் சாப்பிடுகிறான்? "போருக் ஹஷேம்." மற்றவர்களோடு எப்படி? "போருக் ஹஷேம், தங்கமான பிள்ளை."

நான் மகா புத்திசாலி. 'நன்றாக', 'நன்றாக', 'மிகவும் நன்றாக' என்று மொழிபெயர்த்துக்கொண்டே போனேன். வருஷக்கணக்காக அந்தப் பிள்ளை விடியும்முன் அலறுவது என் சுவரைத் துளைத்துக்கொண்டு வருகிறது. இருந்தும் வாய் சொன்னதைத்தான் மாற்றிக் கொடுத்தேன், அதுதான் நேர்மை என்று நினைத்துக்கொண்டு.

பஸ்கா பண்டிகை முடிந்து கடிதம் வந்தது. பிள்ளையின் தேவை குறைவு, இப்போதுள்ள வகுப்பே போதும். கெட்ஸல் அதை எடுத்துக்கொண்டு என் கதவைத் தட்டினார். நான் படித்துச் சொன்னேன்.

"தப்பு என் மேலயும் இருக்கு, உங்க மேலயும் இருக்கு," என்றேன். "மறுபடி பாக்கச் சொல்லி எழுதிப் போடலாம். ஆனா இந்தத் தடவை இருக்கறத இருக்கற மாதிரி சொல்லணும். கடிக்கறது, தூங்காதது, எல்லாத்தையும்."

"அவன் உக்காந்திருக்கும்போது அவனப் பத்திக் கெட்டதா பேசச் சொல்றீங்களா, மிஸஸ் கெல்னர்?"

"அவனுக்கு என்ன புரியப் போகுது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. கெட்ஸல் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"புரியாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அடுத்தவரைப் பற்றித் தீயது பேசக்கூடாது என்று மூன்று வயதிலிருந்து எங்களுக்கு ஊட்டுகிறார்கள். பெற்ற பிள்ளையைப் பற்றி, அவன் முகத்துக்கு எதிரே, சம்பளம் வாங்கும் அந்நியப் பெண்ணிடம் பேசச் சொல்கிறேன் நான். பேசினால்தான் அவனுக்குத் தண்ணீர்.

ஜூன் மாதம் மறுபடி கூப்பிட்டார்கள். பையனும் வர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. கெட்ஸல் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். அலுவலகத்தில் உட்கார்ந்ததும் பையிலிருந்து, ரோடு போடும் ஆட்கள் காதில் மாட்டுவார்களே, அந்த மஞ்சள் மூடியை எடுத்து ஸிஷேவுக்கு மாட்டினார். அதன்மேல் தன் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு மிஸஸ் அல்வராடோவைப் பார்க்காமல், மேசையைப் பார்த்து, "கேளுங்க" என்றார்.

தூக்கம் உண்டா? "இல்லை." பேச்சு? "இல்லை." தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது? "இருக்கு." கடிப்பது? "இருக்கு." இதற்குமட்டும் ஒரு கையை எடுத்துச் சட்டைக் கையை மேலேற்றிக் காட்டிவிட்டு, உடனே காதில் வைத்துக்கொண்டார். ரோட்டில் ஓடுவது? "இருக்கு." கழிவறைப் பழக்கம்? "இல்லை." பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது? "இல்லை." உங்களைக் கூப்பிட்டிருக்கிறானா? கெட்ஸல் காது மூடியை இன்னும் அழுத்திப் பிடித்தார். "இல்லை."

அது அவர் கடைக்குரல். கோட்டைப் பிரித்துப் பார்த்துச் சொல்கிற குரல். இடம் கிடைத்தது. செப்டம்பரிலிருந்து பள்ளிப் பேருந்து காலை ஆறேமுக்காலுக்கு எங்கள் வாசலில் வந்து நிற்கிறது. ஃபைவிஷ் ஆட்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். நவம்பரில் ஒருநாள் கெட்ஸல் படியில் என்னைக் கண்டதும் நின்று, "கேட்டான்" என்றார். என்ன கேட்டான் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஜூன் மாதத்தின் கடைசிக் கேள்வி. மிஸஸ் அல்வராடோ எழுதுவதை நிறுத்திவிட்டு, படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"அப்பா எப்படி இருக்கிறார்? வீட்டில் கூட யார் இருக்கிறார்கள்?"

நான் அதை யித்திஷில் சொன்னேன். கெட்ஸலின் கைகள் இன்னும் பிள்ளையின் காதுமேல்தான். அவ்வளவு நேரம் ஒவ்வொன்றுக்கும் இருக்கு, இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்த மனுஷன், வாயைத் திறந்து, ரொம்ப மெதுவாக, "போருக் ஹஷேம்" என்றார்.

மிஸஸ் அல்வராடோ என்னைப் பார்த்தார், பேனா தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமைப் பாட்டில் வருகிற அந்த இடைவெளி எனக்கு ஞாபகம் வந்தது.

"யாரும் இல்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "தனியாக இருக்கிறார்."

அவர் எழுதிக்கொண்டார். அந்த அளவு ஆங்கிலம் கெட்ஸலுக்குத் தெரியும். காது மூடியைக் கழற்றிப் பையில் போட்டு, பிள்ளையின் தொப்பியை நேராக்கி, அவன் திருகித் திருகிப் பிய்த்துவிட்ட பொத்தானைத் தரையில் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பஸ்ஸில் அவர் முன்சீட்டில், நான் பின்சீட்டில். எங்கள் நிறுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் திரும்பாமலே சொன்னார்.

"நான் அப்படிச் சொல்லலையே, மிஸஸ் கெல்னர்."

"சொன்னீங்க," என்றேன். "ஹிந்தா போன நாள்லேருந்து சொல்லிட்டு இருக்கீங்க. எனக்கு இன்னைக்குத்தான் மொழிபெயர்க்க வந்துச்சு."

அவர் இல்லை என்று சொல்லவில்லை.