அம்மன் பாட்டுக்கு ஓனர்

கோபம் வந்தால் ராதாமணி ஸ்டேப்ளரைத் தட்ட ஆரம்பித்துவிடுவார். தாள் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவருடைய ஜெராக்ஸ் கடை மேசையில் வளைந்த பின்கள் சிதறிக் கிடந்தால், யாரோ நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கடைதான் கட்சி ஆபீசும். இணைய உரிமைக் கழகத்தின் மாவட்டச் செயலாளர் அவர். மொத்தக் கட்சியும் ஒரு வேனில் ஏறிவிடும். பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்து, எளிய மனிதரின் குரலை இணையத்தில் அடைக்காதே என்று நோட்டீஸ் நீட்டினால், "எங்க தெருவுல நெட்டு சுத்திக்கிட்டே இருக்கு, கொஞ்சம் சொல்லி விடுங்க" என்கிறார்கள் ஜனங்கள். ராதாமணிக்குச் சிரிப்பு வராது. "அவிய வீட்டுப் பாட்டை ஒருத்தன் தூக்கிட்டுப் போறப்பந்தான் தெரியும்" என்பார்.

தூக்கிக்கொண்டுதான் போனார்கள். கயத்தாறு பக்கத்துக் கிராமத்து மாரித்தாய் பகலில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர்; காளியம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் முளைப்பாரிப் பாட்டு அவர் குரல்தான். கொடை வீடியோவை யார் கேட்டாலும் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். சாமி பாட்டை இல்லை என்று சொல்லக் கூடாதாம். வெளியூரிலிருந்து வந்த ஆடியோ கம்பெனிக்காரனுக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள், கறிச்சோறும் போட்டு. அவன் அதே குரலைத் தன் பெயரில் யூடியூபில் ஏற்றி, உரிமையும் பதிந்துகொண்டான். இப்போது மாரித்தாய் தன் யூடியூப் சேனலில் பாடினால், 'இது எங்கள் பாட்டு' என்று கம்பெனியின் புகார் வருகிறது. இரண்டு வந்தாயிற்று. மூன்றாவது வந்தால் சேனலையே மூடிவிடுவார்கள். அந்தச் சேனலைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்து ஊர்க் கொடைகளுக்கு அவரைக் கூப்பிடுகிறார்கள். எடுத்தவன் முதலாளி, பாடினவள் திருடி! ராதாமணி யூடியூபுக்கு மறுப்பு மேல் மறுப்பு அனுப்பினார். 'தொடர்பு கொண்டதற்கு நன்றி' என்று ஏதோ ஒரு மெஷின் பதில் போட்டது.

போன செவ்வாய்க்கிழமை கொடை. ராதாமணியோடு கழகத்து உறுப்பினராக நானும் போயிருந்தேன். கமிட்டித் தலைவர் கொம்பையா மாரித்தாயிடம் தணிவாகத்தான் சொன்னார்: "இந்த வருசம் அந்தப் பாட்டு வேண்டாம்மா. கேசு கீசுன்னு வந்தா யாரு அலைய?"

ராதாமணிக்கு மூக்கு விடைத்துவிட்டது. "நம்ம காளிக்குப் பாட எவனோ ஒருத்தன்கிட்ட கேக்கணுமா அண்ணாச்சி? இன்னைக்கு வாயப் பொத்துனா, நாளைக்குக் குலவைக்கும் ரசீது கேப்பான்."

கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார். முளைப்பாரியை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். மாரித்தாய்தான் மெதுவாகக் கேட்டார்: "பாடுதேன்க்கா. திருப்பூருக்குப் போன பிள்ளையெல்லாம் லைவுலதான் பாக்கும். எஞ் சேனலு போயிராதே?"

போகாது என்று பொய் சொல்ல ராதாமணிக்கு வாய் வரவில்லை. மாரித்தாய்க்காகப் பரிந்து அந்தப் பாட்டைக் கழகத்தின் சேனலில் போட்டதற்கு, அங்கேயும் கம்பெனி இரண்டு புகார் கொடுத்திருக்கிறது; அதற்கும் மிச்சம் ஒன்றுதான். கட்சிக்கென்று ஊரில் ஒரு கொடிக்கம்பம்கூடக் கிடையாது. கூட்டம், பேச்சு, போராட்டம் எல்லாம் அந்தச் சேனலில்தான்.

ராதாமணி மாரித்தாயின் போனை வாங்கி அணைத்தார். தன் போனில் கழகத்தின் சேனலைத் திறந்து, லைவை அழுத்தி, மாரித்தாயின் முகத்துக்கு நேரே நீட்டினார். இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.