கால் தெரியாத படம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஊட்டியில் கூடலூர் பேருந்து ஏறினேன். பையில் அக்காவுக்குக் கேரட்டும் ஊட்டி வர்க்கி ரொட்டியும். சட்டைப் பையில் போன். இந்த முறை தேவாலாவுக்குப் போவதே அந்தப் போனுக்காகத்தான்.

அக்கா அங்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிறாள். வியாழக்கிழமை கோயம்புத்தூரில் அவளுக்கு நெஞ்சில் ஆபரேஷன். போன வாரம் கூப்பிட்டு, "தம்பி, என்னைய நல்லதா ஒரு போட்டோ எடுத்துக் குடு. எங்க மாமியாருக்கு ஆன மாதிரி எனக்கு ஆகக்கூடாது" என்றாள்.

அவள் மாமியார் இறந்தபோது வீட்டில் தனிப் படம் இல்லை. கல்யாணக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்ற முகத்தைப் பிரித்துப் பெரிதாக்கினார்கள். புள்ளி புள்ளியாகப் போன இடத்தில் ஸ்டுடியோக்காரர்களே கண்ணை வரைந்து கொடுத்தார்கள். மாலைக்குள் இருப்பது யாரென்று பேரப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. அக்கா கேட்பது எந்தச் சுவருக்கான படம் என்று எனக்குப் புரிந்தது. எடுத்துத் தருகிறேன் என்றேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். கேரட் கழுவும் இடத்தில் வேலை. ஊறிப்போன விரல்களைப் போன் திரை ஏற்காது. அதனால் சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்தியே படம் எடுக்கப் பழகினேன். அப்படி எடுத்தால் கை ஆடுவதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. நாலு பேரிடம் பேசுவதைவிட நாலு பேரைப் படம் எடுப்பது எனக்கு எளிது.

பைக்காரா தாண்டியதும் மூடுபனி. நடுவட்டத்தில் கொஞ்சம் விலகியது. பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் கண்ணாடி வழியாக மலையை எடுத்தார். அவருடைய சட்டைதான் படத்தில் விழுந்தது.

"ஏனுங்க, மலைக்குள்ள நானே நிக்கறேன் பாருங்க" என்று காட்டினார்.

சொல்லக் கூச்சமாக இருந்தது. என் போனைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து ஒரு படம் எடுத்தேன். அவரும் ஒட்டி வைத்தார். இப்போது சட்டை விழவில்லை. கீழே பள்ளத்தாக்கு தெளிவாக வந்தது. அங்கிருந்து கூடலூர் வரை அவர் போனைக் கீழே வைக்கவில்லை.

கூடலூரில் வண்டி மாறி, நாடுகாணி வழியாகத் தேவாலா சேர்ந்தபோது பத்தரை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. குளிரிலிருந்து இறங்கியதால் போனின் கேமராக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. கைக்குட்டையால் துடைத்தேன். எந்தப் படத்துக்கும் அதுதான் முதல் வேலை. பலர் அதைச் செய்வதில்லை.

அக்கா பட்டுப்புடவையில் தயாராக இருந்தாள். மெலிந்திருந்தாள். மாமா அவளைத் தேயிலைச் செடிகளுக்கு முன்னால் நிறுத்தி, என்னைப் பின்னால் போகச் சொன்னார்.

"இன்னும் போ மாப்ளே. கால் வருதா பாரு. காலில்லாத போட்டோ ஆகாது."

லைனில் எல்லோருக்கும் அப்படித்தான். உச்சி முதல் பாதம் வரை விழ வேண்டும் என்று தூரமாய் நிற்பார்கள். முகம் பட்டாணி அளவுக்குப் போய்விடும். மாமியாரைத் தொலைத்ததும் அந்தத் தூரம்தான். போதாததற்கு அக்காவின் பின்னால் வெள்ளை வானம். போன் வானத்தைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைக் கறுப்பாக்கிவிட்டது.

வீட்டு வாசற்படிக்கு உள்ளே, வெளியே பார்த்து உட்காரச் சொன்னேன். மேகம் வடிகட்டிய வெளிச்சம் முகத்தில் சமமாக விழுந்தது. விரலால் இழுத்துப் பெரிதாக்காமல் நானே கிட்டே போய், அவள் கண்மட்டத்துக்குக் குந்தினேன். எல்லாம் சரியாக இருந்தது. அக்காதான் சரியாக இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, இமைக்காமல், இப்போதே சட்டத்துக்குள் போய்விட்டவள்போல் உட்கார்ந்திருந்தாள். ஒன்று எடுத்தேன். அதற்கு மேல் பார்க்க முடியாமல் போனை மடியில் இறக்கிக்கொண்டேன்.

அப்போது மாமா செடிகளுக்குள்ளிருந்து ஏறி வந்தார். கணுக்காலில் ரத்தம்.

"ஏனுங்க, அட்டையையும் விருந்துக்குக் கூட்டிட்டு வர்றீங்களா? அங்கயே நில்லுங்க" என்று அக்கா எட்டி உப்பு டப்பாவை எடுத்தாள்.

"அதுவும் போட்டோவுக்குத்தான் வந்துச்சு" என்றார் மாமா. "அதுக்கு வம்பில்ல. காலே கிடையாது."

அக்கா கையில் உப்போடு சிரித்தாள். காவிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். நான் பொத்தானை அழுத்தினேன்.

படத்தை வெகுநேரம் பார்த்தாள். "இதுக்கு மாலை போட்டா வர்றவங்க எப்பிடிறா அழுவாங்க?"

"கால் வரல" என்றார் மாமா. பிறகு போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்று மணிக்கு வண்டி ஏற்றிவிட வந்தபோது அக்கா, "சிரிக்காதது ஒண்ணு எடுத்தியே, அதை அச்சுப் போட்டு வை. எங்கிட்டக் காட்ட வேண்டாம்" என்றாள். தலையாட்டினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஊட்டியில் ஒரு ஸ்டுடியோவில் ஒரு படம்தான் கொடுத்தேன். காந்தலில் எங்கள் வீட்டுச் சுவரில் அப்பா, அம்மா, மாமனார், மூவருமே மாலையோடுதான் இருக்கிறார்கள். மறுநாள் நான் ஆணி அடிப்பதைப் பார்த்த என் மனைவி, "உசுரோட இருக்கறவங்களைச் செவுத்துல மாட்டலாமுங்களா?" என்று கேட்டாள்.

அவர்கள் வரிசையில் மாட்டவில்லை. எதிர்ச்சுவரில், கதவைத் திறந்தால் வெளிச்சம் விழும் இடத்தில் மாட்டினேன். உப்புக் கையோடு அக்கா சிரிக்கிறாள். நாளை மறுநாள் ஆபரேஷன். இன்னொரு படம் போனிலேயே கிடக்கிறது.